மாரிக்கு முன் ஒரு தரம் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மண்டூரில் இருப்பவருக்கும் கல்லடியில் இருப்பவருக்கும் ஒரே முதலுதவிப் பெட்டி சரிவராது. கல்லடியில் கை வெட்டுப்பட்டால் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்துக்குள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் வாசலில் நிற்கலாம். அதே வெட்டு மண்டூரில், ராத்திரியில், குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் படகுப்பாதை ஓடாத நேரத்தில் பட்டால் கதை வேறு. ஊரில் இருக்கிற சிறு வைத்தியசாலையால் முடியாத காயமென்றால் வெல்லாவெளி, போரதீவு என்று சுற்றி, பட்டிருப்புப் பாலத்தில் ஏறித்தான் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு வரவேண்டும். வாகனம் கிடைத்தால்தான் அதுவும்.

எங்கள் வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. எழுவான்கரையில் வீதி, பெரிய ஆசுப்பத்திரி, பாமசி எல்லாம் இருக்கின்றன. படுவான்கரையில் வயலும் குளமும் மாடும் இருக்கின்றன, இடையில் தண்ணீர். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனத்துக்கு எவ்வளவோ ஆறுதல். அதற்கு முன் அந்தத் துறையில் பாதைக்காகக் காத்து நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிரசவ வலியோடும் காய்ச்சல் பிள்ளையோடும் நின்ற கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், முதலுதவிப் பெட்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் வீட்டிலிருந்து வைத்தியரின் கைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான். பகலில் எவ்வளவு, ராத்திரியில் எவ்வளவு, மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது எவ்வளவு. அந்த நேரத்தைக் கடத்துவதற்குத்தான் பெட்டி. வருத்தத்தைச் சுகப்படுத்துவது பெட்டியின் வேலை அல்ல.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. அமெரிக்காவின் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி 1888 இல் முதன்முதல் விற்பனைக்கு விட்ட முதலுதவிப் பெட்டிகள் இரயில்பாதைத் தொழிலாளர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆசுப்பத்திரிக்கு நெடுந்தூரத்தில், இரும்பும் கல்லும் நசுக்கும் வேலை செய்தவர்கள் அவர்கள். அந்த இடத்தில் என்ன காயம் படுமோ அதற்கான பெட்டி. இன்று கடையில் கண்ணாடித்தாள் சுற்றி விற்கும் பெட்டி எந்த இடத்தையும் மனதில் வைத்துச் செய்ததல்ல. கொஞ்சம் பஞ்சு, இரண்டு சின்னப் பண்டேஜ், வெட்டாத ஒரு கத்தரிக்கோல், விரல் நகத்தளவுக்குப் பத்துப் பிளாஸ்டர். வாங்கினால் தவறில்லை. ஆனால் அதை அப்படியே அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் பெட்டி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். எங்களூரில் எங்களுக்கு என்ன நடக்கிறது என்று யோசித்து அதை நிரப்ப வேண்டும்.

எங்களுக்கு என்ன நடக்கிறது? முதலில் மீன்முள்ளு. வாவியில் வலை வீசுபவர், வலையில் மீன் கழற்றுபவர், சந்தையில் வாங்கி வந்து குசினியில் வெட்டுபவர் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கெளுத்தியிடம் குத்து வாங்குவார்கள். அதன் முதுகில் ஒரு முள்ளு, செட்டைகளில் பக்கத்துக்கு ஒன்று, ஓரமெல்லாம் வாள்பல். முள்ளைச் சுற்றியிருக்கும் தோலில் நஞ்சு. திருக்கையின் வாலும் அப்படித்தான், குத்து இன்னும் ஆழம். குத்துப்பட்டவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஆம்பிளைகூட நிலத்தில் உருண்டு அழுவார்.

இதற்கு மருந்து பெட்டிக்குள் இல்லை, அடுப்பில் இருக்கிறது. சுடுதண்ணீர். இந்த மீன்களின் நஞ்சு புரதத்தால் ஆனது, சூடு பட்டால் அதன் வீரியம் குறைகிறது. குத்துப்பட்ட கையையோ காலையோ பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை அமிழ்த்தி வைத்திருக்க வேண்டும். ஆற ஆறப் புதுச் சுடுதண்ணீர் சேர்க்க வேண்டும். சூட்டைப் பார்ப்பது குத்துப்படாத கையால். நோவில் மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். எங்கள் பக்கத்துக் கிழவிமார் "மனே, கெதியாத் தண்ணியச் சுட வை" என்று ஓடுவதைச் சின்னதில் பார்த்திருக்கிறேன். விஞ்ஞானம் பிறகு வந்து அவர்கள் பக்கம் நின்றது.

நோவு அடங்கியபிறகுதான் பெட்டிக்கு வேலை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். வெளியே தெரியும் சின்ன முள்ளுத் துண்டைச் சாமணத்தால் எடுக்கலாம். அதனால் நல்ல சாமணம், கூர் நுனி ஒன்றையொன்று சரியாகத் தொடுகிற சாமணம், பெட்டியில் இருக்க வேண்டும். ஆழத்தில் முறிந்திருந்தால் தோண்டாதீர்கள். திருக்கை முள்ளு நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறி நின்றால் இழுக்கவே கூடாது. அது அடைத்துக்கொண்டிருக்கிற இரத்தம் இழுத்தவுடன் பீறிடும். அசையாமல் சுற்றிக் கட்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்ற கேள்வி அங்கே வரும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்தத் திகதியை ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் வாவித் தண்ணீரில் பட்ட காயத்தைச் சின்னதென்று விடக்கூடாது. எங்கள் வாவி போன்ற சூடான உவர்நீரில் விப்ரியோ என்ற கிருமிவகை வாழும். அதில் சில இனங்கள் இப்படியானவர்களின் உடம்பில் ஒரே நாளில் பரவக்கூடியவை. காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, நோவு காயத்தைவிடப் பெரிதாக இருந்தால், கொப்புளம் போட்டால், விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. இதற்காகவே பெட்டியில் ஒரு பேனை வைக்கச் சொல்கிறேன். சிவப்பு எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் தோலில் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் எழும்பிப் போக வேண்டியதுதான்.

அதே பேனை பாம்புக்கடிக்கும் உதவும். இலங்கை முழுவதும் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, இறப்பவர்கள் 400 பேருக்கு மேல். இந்தச் சின்னத் தீவுக்கு அது எவ்வளவு பெரிய எண்! படுவான்கரை வயலில் அரிவி வெட்டுக் காலத்தில் முத்திரைப் புடையன், வீட்டுக்குள்ளே நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறவரை நடுச்சாமத்தில் எண்ணெய் விரியன், நாகம் எங்கும்.

பாம்புக்கடிக்குப் பெட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள். வைக்கக்கூடாதவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளேட் வேண்டாம், வெட்டி இரத்தம் எடுப்பதால் நஞ்சு வெளியே வராது, புடையன் கடித்தவரின் இரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். இறுக்கிக் கட்டுகிற இறப்பர் பட்டி வேண்டாம், கட்டுக்குக் கீழே கால் அழுகிப்போகும். உறிஞ்சுகிற குழாய் வேண்டாம். நச்சுமுறி மருந்தையே வாங்கி வைக்கலாமா என்று ஒரு மச்சான் கேட்டார். முடியாது. இங்கே பாவிக்கும் நச்சுமுறி இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து செய்து வருவது. அதை ஏற்றும்போதே பலருக்கு உடம்பு தடித்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழும். அதைத் தடுக்க மருந்தோடும் ஆட்களோடும் நிற்கிற ஆசுப்பத்திரியில்தான் ஏற்றலாம்.

பிறகு என்னதான் வைப்பது? அகலமான நீளப் பண்டேஜ் இரண்டு, ஒரு முழத்துக்கு மேற்பட்ட நேரான மெல்லிய பலகைத் துண்டு. கடிபட்டவரைப் படுக்க வைத்து, பயப்படாதே என்று சொல்லி, கடிபட்ட காலை முறிந்த காலைக் கட்டுவதுபோல அசையாமல் பலகையோடு கட்ட வேண்டும். இறுக்கி அல்ல, ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்கு. மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். நடக்க விடக்கூடாது. கடித்த நேரத்தை எழுத வேண்டும். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிவாங்கிய கதைகள் இங்கே உண்டு. தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

விசகடி வைத்தியரைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. மட்டக்களப்பின் மந்திரமும் மருந்தும் எத்தனையோ தலைமுறையாக வந்த அறிவு, அதை இழிவாகப் பேசும் எண்ணம் எனக்கில்லை. பரியாரியார் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்டுமில்ல புள்ள" என்று சொல்லும்போது கடிபட்டவரின் நெஞ்சு அமைதிப்படுவதும் உண்மை. ஆனால் எண்ணெய் விரியனின் நஞ்சு மூச்சுவிடும் தசையைக் கட்டிப்போடும்போது செயற்கைச் சுவாசம் கொடுக்கிற மெசின் ஆசுப்பத்திரியில்தான் இருக்கிறது. அந்தப் பாம்பு கடித்தால் பெரும்பாலும் நோவுமில்லை, தடயமுமில்லை. நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று எழும்புவார், விடியும்போது கண்ணிமை தூக்க ஏலாமல் விழும். நிலத்தில் படுத்தவருக்கு அப்படி வந்தால் வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பரியாரியாரும் கூட வரட்டும், ஆனால் வாகனம் ஆசுப்பத்திரிக்கே போகட்டும். பாயின் நான்கு பக்கத்துக்குக் கீழும் ஓரத்தைச் செருகிய நுளம்பு வலை இந்தக் கடியைத் தடுக்கும். ஆதலால் என் கணக்கில் நுளம்பு வலையும் முதலுதவிப் பெட்டியின் ஒரு பாகம்தான்.

அதுபோலப் பெட்டிக்குள் அடங்காத இன்னொரு பொருளும் உண்டு. வாவிக்கரையில், குளத்துக்குப் பக்கத்தில், கட்டில்லாத கிணற்றடியில் வீடுள்ளவர்கள் ஒரு நல்ல கயிற்றையும் மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கானையும் ஒன்றாகக் கட்டி, யாரும் வேறு தேவைக்கு எடுக்காத இடத்தில் தொங்கவிடுங்கள். தாழுகிற பிள்ளையைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேராகப் போன வீடுகள் இந்தக் கரையில் இருக்கின்றன. கானை வீசினால் கரையில் நின்றபடியே இழுக்கலாம். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. வயிற்றுத் தண்ணீர் மேலே வந்து நெஞ்சுக்குள் போகும். மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய்வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தரம் அழுத்தி 2 தரம் மூச்சு, வாகனம் வரும்வரை நிறுத்தாமல். பெரியவருக்கு அழுத்தும் ஆழம் 5 சென்ரிமீற்றர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வாசித்துப் படிக்கிற வித்தையல்ல இது. செஞ்சிலுவைச் சங்கமோ சென். ஜோன் அம்புலன்ஸோ பள்ளிக்கூடத்திலோ சங்கக் கட்டடத்திலோ பயிற்சி நடத்தினால், வீட்டுக்கு ஒருவராவது போய்ப் பொம்மையின் நெஞ்சில் கைவைத்துப் பழக வேண்டும்.

மற்றக் காயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடுகிற சாதாரணத் தண்ணீர். பற்பசை, முட்டை, மை எதுவும் வேண்டாம். வெட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அமர்த்திப் பிடிப்பது. பார்க்கலாமே என்று நிமிடத்துக்கொரு தரம் திறக்கக்கூடாது. கோப்பித்தூளும் சுண்ணாம்பும் காயத்துக்கல்ல. பஞ்சைக் காயத்தின்மேல் நேரே வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும், காயத்தில் படுவது காஸாக இருக்கட்டும், பஞ்சு அதற்கு மேலே. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆசுப்பத்திரிக்கு. சித்தாலேப தலையிடிக்கு நல்லது, திறந்த காயத்தில் பூசாதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையைச் சத்தியெடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. அலரி விதையைக் கடித்த பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு இருக்கிற நேரமும் இல்லை, தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விதையில் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இப்படிப் பார்த்தால் பெட்டிக்குள் அதிக விலையான பொருள் ஒன்றும் இல்லை. ஒரு கட்டிச் சவர்க்காரம், பல அளவில் காஸ், சுருள் பண்டேஜ், முக்கோணத் துணி ஒன்று (பழைய வெள்ளை வேட்டியைக் குறுக்கே வெட்டித் தைத்தாலும் போதும்), பிளாஸ்டர் சுருள், சாமணம், துருப்பிடிக்காத கத்தரிக்கோல், கையுறை, ஐயடின் போத்தல், வெப்பமானி, பேனை, டோர்ச். மருந்தென்று பார்த்தால் பனடோல், ஜீவனி, கொஞ்சம் சீனி.

சீனி எதற்கென்றால், இன்சுலின் போடுகிறவரோ சீனிக்குக் குளிசை போடுகிறவரோ சாப்பாடு பிந்தி வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. குசினியில்தான் சீனி இருக்கிறதே என்பீர்கள். வெள்ளத்தில் பள்ளிக்கூடத்து முகாமில் குசினி உங்களோடு வராது, பெட்டி வரும்.

பனடோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாரியோடு டெங்கு வருகிற ஊர் இது. காய்ச்சலென்றால் பரசிற்றமோல் மட்டும்தான். உடம்பு நோவுக்கென்று டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் எதையும் வைத்தியர் சொல்லாமல் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், டெங்கில் இரத்தக்கசிவை அவை கூட்டும். பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எப்போதும் கூடாது. பிள்ளைக்கு வயதல்ல, நிறைதான் கணக்கு, கிலோவுக்கு ஒரு தரத்தில் 15 மில்லிகிராம். பிள்ளையின் நிறையை மாதா மாதம் குடும்பநல உத்தியோகத்தர் எழுதித் தருகிறார் அல்லவா, அதைப் பார்த்துப் பாணியின் அளவை வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டு, போத்தலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நடுச்சாமத்தில் காய்ச்சலில் அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யாராலும் பெருக்கல் செய்ய முடியாது.

ஜீவனி ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். பாதிப் பக்கற்றை ஒரு கோப்பையில் கரைப்பது வழக்கமாகிவிட்டது, அது உப்பைக் கூட்டிப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். கரைத்தது 24 மணித்தியாலத்துக்குத்தான். பக்கற் முடிந்துவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வெள்ளம் வடிந்து கிணறுகள் கலங்கிக் கிடக்கும் நாட்களில் முதலில் தீர்ந்துபோகும் பொருள் இதுதான், அதனால் வீட்டில் ஆறேழு பக்கற் இருக்கட்டும்.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். பாமசிக்குப் பாமசி அலைந்தும் மருந்து கிடைக்கவில்லை, ஆசுப்பத்திரியிலேயே இல்லையென்று வெளியில் வாங்க எழுதிக் கொடுத்தார்கள், பெற்றோல் வரிசையில் ஓட்டோக்கள் நாட்கணக்கில் நின்றன. தூரம் குறைந்த ஊர்களும் அந்த மாதங்களில் தூரமாகிப் போயின. அப்போது பலர் பயத்தில் குளிசைகளை வாங்கிக் குவித்தார்கள், அடுத்த ஆண்டு திகதி முடிந்து குப்பைக்குப் போனது. ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்குத் தேவையானதைவிடக் கூட வைப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்தை எடுத்து வைப்பதுதான். மிச்சம் விட்ட அன்டிபயோட்டிக்கையும் பெட்டியில் சேர்த்து வைக்காதீர்கள். வயலுக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் கிடைக்கும். அதை அவர்கள் சொல்லும்படி போட்டு முடிக்க வேண்டும், அடுத்த போகத்துக்கென்று ஒதுக்கி வைக்கக்கூடாது.

திகதி என்றவுடன் எங்கள் பாமசிகளின் ஒரு பழக்கம் நினைவு வருகிறது. ஆறு குளிசை கேட்டால் அட்டையில் ஆறை வெட்டி, சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். திகதி அச்சடித்த பக்கம் கடையில் நின்றுவிடும், உறையில் இருப்பது மூன்று நேரம் என்ற கோடுகள் மட்டும். வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்து அந்த உறையைத் திறந்தால் அது என்ன குளிசை, எப்போது முடியும், யாருக்கு வாங்கியது என்று ஒன்றும் தெரியாது. பெட்டிக்கென்று வாங்கும்போது முழு அட்டையாக வாங்குங்கள். வெட்டித்தான் தருவார்களென்றால் பெயரையும் முடிவுத் திகதியையும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயரில்லாத குளிசை பெட்டிக்குள் இருக்கவே கூடாது.

பெட்டி எப்படியானது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பிஸ்கட் டின் அழகாக மூடும், ஆனால் எங்கள் உப்புக் காற்றில் இரண்டு மாரிக்குள் ஓரம் துருவேறும். இறுக்க மூடுகிற தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிதான் என் தெரிவு, திறக்காமலே உள்ளே பார்க்கலாம். குளிசைகள் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே வைக்கும்படி எழுதியிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ், அலுமாரியின் உச்சியில், அடுப்புக்கு மேல் தட்டில் என்ன சூடு இருக்குமென்று உங்களுக்கே தெரியும். சாமியறை மூலை, சீமெந்துச் சுவரோரம், பிள்ளைக்கு எட்டாத, பெரியவருக்கு இருட்டிலும் கை போகிற உயரம். பூட்டுப் போட்டால் திறப்பு தேட வேண்டிவரும். டோர்ச்சுக்குள் பற்றறியைப் போட்டு வைக்காதீர்கள், ஊறிவிடும். பக்கத்தில் தனியாகச் சுற்றி வையுங்கள். வெக்கையில் கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டும், பிளாஸ்டரின் பசை உருகி ஓரத்தில் ஒழுகும். கத்தரிக்கோலோ பள்ளிக்கூட வேலைக்கென்று போய்த் திரும்பி வராது. பிள்ளைகளுக்கு வேறொன்று வாங்கிக் கொடுப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

ஆகவே பெட்டியைச் சோதிக்க ஒரு நாள் வேண்டும், அந்த நாள் மறக்க முடியாததாக இருக்க வேண்டும். எனக்கு அது நவராத்திரி. வாணி விழாவுக்குப் புத்தகம், கத்தி, மண்வெட்டி, தையல் மெசின் எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் அல்லவா, அன்று பெட்டியையும் பாயில் கொட்டித் துடைக்கிறேன். மாரி தொடங்குவதற்குச் சற்று முன் வருகிற நாள், எங்கள் காலநிலைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் தங்கள் வீட்டுக்கு ஏற்றதை ஒக்டோபரில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தரம் சித்திரை வருசத்துக்கு வீடு கழுவும்போது. திறந்த கண் சொட்டு மருந்து நான்கு கிழமைக்கு மேல் வேண்டாம். ஐயடின் போத்தலைத் திறந்த நாளை மூடியில் எழுதுங்கள். வெப்பமானியை ஒருதரம் அமர்த்திப் பாருங்கள். திகதி முடிந்த குளிசையைக் கிணற்றடியிலும் வாவியிலும் எறியாமல், எங்கே கொடுக்கலாம் என்று பாமசியில் கேளுங்கள்.

ஒக்டோபரில் செய்கிற சோதனையில் இன்னொரு வேலையும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களும் 2004 டிசம்பர் 26 இல் நாவலடியிலிருந்து ஓடியவர்களும் 2011 ஜனவரி வெள்ளத்தில் பள்ளிக்கூடங்களில் கிடந்தவர்களும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். ஓடும்போது கையில் எது அகப்பட்டதோ அதுதான் மிஞ்சியது. பெட்டி அப்படியே நுழைகிற, தண்ணீர் புகாத பை ஒன்றை அதன் பக்கத்திலேயே மடித்து வையுங்கள். அதற்குள் கிளினிக் கொப்பிகளின் பிரதி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைப் பிரதி, பிறசருக்கும் சீனிக்கும் ஒரு கிழமைக் குளிசை. முகாமுக்கு வருகிற வைத்தியர் முதலில் கேட்பது கொப்பியைத்தான். அது நனைந்து போயிருந்தால், வெள்ளைக் குளிசை ஒன்று சிவப்பு ஒன்று என்று சொல்வதைத் தவிர அம்மம்மாவுக்கு வேறு வழியிருக்காது.

மூடியின் உட்பக்கத்தில் 1990 என்று பெரிதாக எழுதுங்கள். 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் பிறகு தீவு முழுவதும் வந்தது, காசில்லை. ஆனால் அவர்கள் கேட்கும்போது பதற்றத்தில் வீட்டு இலக்கம்கூட வாயில் வராது. ஆதலால் அந்த எண்ணுக்குக் கீழே உங்கள் வீட்டுக்கு வரும் வழியையும் எழுதுங்கள்: பிரதான வீதியில் எந்தச் சந்தி, எந்தக் கோயிலடி அல்லது பள்ளியடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பார்த்து வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். அந்தப் பிள்ளையை ஒருதரம் வாசிக்கவும் விடுங்கள்.

வீட்டைப் பற்றி இவ்வளவும் எழுதினாலும், மீனிடம் குத்துப்படுபவர்களில் பலர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை, வாவியின் நடுவில் தோணியில் இருக்கிறார்கள். ராத்தொழிலுக்குப் போகிறவருக்கு ஒரு சின்ன டப்பா போதும்: சாமணம், காஸ், ஒரு சுருள் பண்டேஜ், பிளாஸ்டர், பேனை, சின்னச் சவர்க்காரத் துண்டு, எல்லாம் இரண்டு பொலித்தீன் பைக்குள். தேத்தண்ணிக்கு எப்படியும் ஒரு பிளாஸ்க் போகிறது. இரண்டாவது பிளாஸ்க்கில் கொதித்த தண்ணீரை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். கெளுத்தி குத்தினால் தோணியில் தண்ணீர் இறைக்கிற கோப்பையில் அதை ஊற்றி, பொறுக்கிற சூடு வரும்வரை வாவித் தண்ணீர் கலந்து, மற்றக் கையால் சூடு பார்த்து, குத்துப்பட்ட விரலை அமிழ்த்திக்கொண்டே கரைக்கு வரலாம்.